இரவு மத்திய அலைக்கு முதல் காசை எதில் போடுவது?

இரவில் தொலைதூர மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி நிலையங்களைப் பிடிக்கும் ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ரேடியோ வாங்கலாம் என்பதைத்தான். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் போதுமா, புது டிஜிட்டல் ரேடியோ வேண்டுமா, கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் எஸ்டிஆர் வாங்கலாமா, இல்லை ஆன்டெனாவுக்குச் செலவழிக்கலாமா? நான்கையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் விலை இரண்டாம்பட்சம். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மின் இரைச்சல் எவ்வளவு, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் ஆன்டெனா உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம்.

ஏன் என்று விளங்க, இரவில் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், மின்னூட்டம் பெற்ற காற்றாக இருக்கும் டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. தரையை ஒட்டி வருவது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். கடல்நீரின் மேல் அந்தத் தரை அலை நன்றாகவே ஓடும்; யாழ்ப்பாணத்துக்காரர்கள் திருச்சி வானொலியைப் பகலிலேயே கேட்டு வளர்ந்தது அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைந்துபோகும். அதற்கு மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பத் தொடங்கும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தாவை 657 கிலோஹெர்ட்ஸிலும் டாக்காவை 693 கிலோஹெர்ட்ஸிலும் தேட முடிவது அதனால்தான்.

வானம் திறந்தால் ஒரு நிலையத்துக்கு மட்டும் திறப்பதில்லை, எல்லோருக்கும் சேர்த்துத்தான் திறக்கிறது. 1975 ஜெனீவா ஒப்பந்தப்படி நம் பகுதியில் 531 முதல் 1602 வரை, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், மொத்தம் 120 இடங்கள். ஆசியா முழுக்க இந்த 120-க்குள்தான் அடங்கியாக வேண்டும். ஆக, இரவு மத்திய அலையில் சிக்னலுக்குப் பஞ்சமே கிடையாது. பிரச்சினை நெரிசல்: ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று குரல்கள், பக்கத்து அலைவரிசையில் உள்ளூர் நிலையம், அத்தனைக்கும் அடியில் நம் வீட்டு மின்சாதனங்களின் இரைச்சல். எந்த ரேடியோவையும் எடைபோட நான் கேட்கும் கேள்வி, இந்த நெரிசலில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க அது எவ்வளவு உதவுகிறது என்பதுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

பேட்டரியில் ஓடும் ஏதாவது ஒரு ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் வைத்து ஒலியைக் கூட்டுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போன உடனே அதுவே இரைச்சலைக் கிளப்பத் தொடங்கும். கரகரப்பு சட்டென்று விழுந்தால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், டிவியின் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டரின் அடாப்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். விலை குறைந்த சார்ஜர் ஒன்றே மொத்த மத்திய அலையையும் மூடிவிடும். மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது அக்கம்பக்கத்திலிருந்தோ தெருக் கம்பியிலிருந்தோ வருகிறது. அதைத் திசை பார்த்துத்தான் வெல்ல வேண்டும், அல்லது மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

காசே செலவாகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பேன். கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வும் இதன் விடையைப் பொறுத்து மாறும்.

பழைய டிரான்சிஸ்டர்

தாத்தா காலத்து பிலிப்ஸ், மர்பி, புஷ் பெட்டிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பெரிய பெட்டி என்பதால் உள்ளே நீளமான ஃபெரைட் கம்பி இருக்கும். அந்தக் கம்பிதான் மத்திய அலைக்கான ஆன்டெனா. அது நீண்டும் பருத்தும் இருந்தால் சிக்னல் கூடும். உள்ளே டிஜிட்டல் சில்லு எதுவும் இல்லாததால் தன் இரைச்சலைத் தானே கேட்கும் கோளாறும் கிடையாது. குரலும் காதுக்கு இதமாக இருக்கும்.

குறைகளும் சின்னவை அல்ல. முள் 900-க்கும் 1000-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். கேட்பது 927-ஆ 936-ஆ என்று தெரியாது. தெரிந்த நிலையங்களை அடையாளக் கற்களாக வைத்து எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இவற்றில் அகலமானது. உள்ளூர் நிலையம் பலமாக இருக்கும் ஊரில் அதன் இரண்டு பக்கத்து அலைவரிசைகளும் அதற்குள்ளேயே அமுங்கிப்போகும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்து, எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றித் தரும் மெக்கானிக்கும் கிடைத்தால் அதிலேயே தொடங்குங்கள். இதற்கென்று பழைய ரேடியோவைத் தேடி விலை கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையடக்க டிஜிட்டல் ரேடியோ

பெரும்பாலோருக்கு என் விடை இதுதான். டெக்சன் பிஎல்-330, டெக்சன் பிஎல்-380, பிஎல்-310ஈடி, எக்ஸ்எச்டேட்டா டி-808 ஆகியவை இப்போது அதிகம் பேசப்படுபவை. எல்லாவற்றிலும் அலைவரிசை எண் திரையில் தெரியும். வடிகட்டியின் அகலத்தையும் மாற்றலாம். இரண்டாவது வசதிதான் இரவில் உயிர். பக்கத்து நிலையம் மேலே ஏறிக் கீச்சிடும்போது அகலத்தைக் குறைத்தால் கீச்சொலி போய்விடும். குரல் கொஞ்சம் மூக்கடைத்தது போல் ஆனாலும் என்ன பேசுகிறார்கள் என்று புரியும்.

இவற்றுக்குள் எது? பிஎல்-380-உம் பிஎல்-310ஈடி-யும் மத்திய அலைக்கு நல்லவை. சிக்னலின் பலத்தையும் இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையும் எண்ணாகவே காட்டும். ரேடியோவைத் திருப்பத் திருப்ப அந்த எண் ஏறி இறங்குவதைப் பார்ப்பதே நல்ல பாடம். ஆனால் சிக்னல் மிகவும் தேயும்போது ஒலியைத் தானாகவே அமுக்கிவிடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. மங்கலாக வரும் நிலையத்தின் பெயரைச் சொல்லும் நொடியில் அது நடந்தால் வெறுத்துப்போகும். இவற்றில் எஸ்எஸ்பி, அதாவது ஒரு பக்கப் பட்டையை மட்டும் கேட்கும் வசதியும் இல்லை.

பிஎல்-330-இலும் டி-808-இலும் எஸ்எஸ்பி உண்டு. மத்திய அலைக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். ஒரு நிலையத்தின் மைய அலைவரிசைக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பக்கப் பட்டைகளிலும் அதே நிகழ்ச்சிதான் இருக்கிறது. மேல் பக்கத்தை அடுத்த நிலையம் கெடுத்தால் கீழ்ப் பக்கத்தை மட்டும் கேட்கலாம். நிலையத்தின் மையத்தோடு சரியாகப் பொருந்தும்வரை மெல்லத் திருகினால் ஊளை அடங்கும், குரல் தெளியும். சிக்னல் தேய்ந்து வளரும்போது வரும் குளறலும் இதில் பெரிதும் குறையும். ஆகவே மத்திய அலை வேட்டைக்கு எஸ்எஸ்பி உள்ள ஒன்றையே வாங்கச் சொல்வேன். பிஎல்-330 சட்டைப் பை அளவு. அதனால் அதன் ஃபெரைட் கம்பி சிறியது. கம்பியை மட்டும் நம்பிக் கேட்பவருக்கு டி-808 ஒரு படி மேல். வெளி ஆன்டெனா செய்யப்போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அவருக்கு பிஎல்-330-இன் வடிகட்டித் தேர்வுகள் பிடிக்கும். பேட்டரி விஷயத்திலும் இரண்டும் சுலபம்: முன்னது பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி வகை, பின்னது டார்ச்சுகளில் போடும் 18650.

இந்த வகையின் உண்மையான பலம் விவரப் பட்டியலில் இருக்காது. இவற்றைத் தூக்கிச் சுழற்றலாம், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், பேட்டரியில் ஓட்டலாம். ஃபெரைட் கம்பி பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். பெட்டியின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்த்தால் சிக்னல் உச்சம். பெட்டியின் முனை நிலையத்தை நோக்கினால் சிக்னல் விழுந்துவிடும். உச்சம் அகலமானது, முப்பது டிகிரி தள்ளிப்போனாலும் காதுக்குத் தெரியாது. பள்ளமோ ஊசி முனை. இரவு வேட்டையில் நாம் பயன்படுத்துவது பள்ளத்தைத்தான்.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். உள்ளூரில் 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். அதன் ஒரு பக்கம் 927-இல் விசாகப்பட்டினம், மறுபக்கம் 945-இல் சம்பல்பூர். ரேடியோவை மேசையில் வைத்து மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் 936-இன் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போலத் தேய்ந்துகொண்டே போகும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு 927-க்குப் போனால், இதுவரை உள்ளூரின் கசிவு மட்டும் கேட்ட இடத்தில் தெலுங்கு எழும்பி வரும். உள்ளூர் நிலையம் தரை வழியாக ஒரே திசையில் வருவதால் இரவிலும் பள்ளம் கூர்மையாகவே இருக்கும். வானிலிருந்து இறங்கும் தொலைதூர அலைக்கு அந்த அளவு ஒழுங்கு கிடையாது, எனவே அது முழுதாக விழாது. இயற்கை நமக்குச் செய்திருக்கும் பெரிய உதவி இது. இரைச்சலுக்கும் இதே வித்தைதான். பக்கத்து வீட்டு எல்இடி எந்தத் திசையோ, அந்தத் திசைக்கு முனையைக் காட்டுங்கள்.

சட்ட ஆன்டெனா

கையடக்க ரேடியோ வாங்கியபின் அடுத்த காசு இதற்குப் போகட்டும். விலை உயர்ந்த இரண்டாவது ரேடியோவைவிட இது அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

செய்முறை எளிது. 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச் சட்டம். அதில் சாதாரண இன்சுலேஷன் வயரை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் 13 சுற்று; சுமார் 32 மீட்டர் வயர் ஆகும். இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (நிலையம் தேடத் திருகும் குமிழின் பின்னால் இருப்பது) இணைத்தால் வேலை முடிந்தது. மத்திய அலையின் அடிமட்டமான 531-ஐத் தொடச் சுருளுக்குச் சுமார் 230 மைக்ரோஹென்றி தூண்டல் வேண்டும். எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள், மேல் முனையான 1602 எட்டவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். கேங் கண்டென்சர்தான் இப்போது தேடி எடுக்க வேண்டிய பொருள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கேட்டுப் பார்க்கலாம், பழைய ரேடியோவைப் பிரிப்பதுதான் நிச்சயமான வழி. மரவேலைக்கு நேரமில்லாதவர்களுக்கு டெக்சன் ஏஎன்-200 என்ற சிறிய வட்ட வடிவ ஆன்டெனா இருக்கிறது. பிடிக்கும் பரப்பு குறைவு என்பதால் உதவியும் குறைவு.

ரேடியோவோடு இதற்கு வயர் இணைப்பே தேவையில்லை. சட்டத்தின் கீழ்ப்பகுதியில், அதன் தளத்துக்குக் குறுக்காக ரேடியோவை வைத்து, கேங் குமிழைத் திருகுங்கள். ஒத்ததிர்வு வந்ததும் இரைச்சல் குபுக்கென்று பொங்கும், கூடவே அதற்குள் புதைந்திருந்த பேச்சும் வெளியே வரும். வெறும் கம்பியில் யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்த இடத்தில், சட்டத்தோடு சேர்த்தால் மொழியை அடையாளம் சொல்லிவிடலாம். இரண்டையும் ஒரு சுழல் பலகையில் வைத்தால் சேர்த்தே திருப்பலாம். சட்டத்தில் பள்ளம் மாறி இருக்கும்: அதன் அகன்ற முகம் நிலையத்தை நோக்கும்போது சிக்னல் விழும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இதன் பிடிப்பு 8 என்ற எண்ணின் வடிவம். எதிரெதிர்த் திசைகளை அதனால் பிரிக்க முடியாது. 684 கிலோஹெர்ட்ஸில் கோழிக்கோடும் இருக்கிறது, போர்ட் பிளேயரும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் ஒன்று ஏறக்குறைய நேர் மேற்கு, மற்றொன்று ஏறக்குறைய நேர் கிழக்கு. கோழிக்கோட்டை வீழ்த்தினால் போர்ட் பிளேயரும் கூடவே விழும். இங்கே பிரித்துத் தருவது சூரியன்தான். அந்தமானில் நாகையைவிட ஐம்பது நிமிடம் போல முன்னதாகவே பொழுது சாயும், இடையில் இருப்பது முழுக்கக் கடல். கிழக்கே இருட்டி மேற்கே வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்த அந்திப் பொழுதுதான் போர்ட் பிளேயரைத் தேட வேண்டிய நேரம். எவ்வளவு காசு கொட்டினாலும் ரேடியோ தராததைக் கடிகாரம் தரும். விடியலிலும் அப்படியே: ஆறு மணிக்குச் சற்று முன், ஆகாசவாணி நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது, வால்டர் காஃப்மன் அமைத்த அந்த அடையாள இசை ஒரே அலைவரிசையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்கும். எத்தனை நிலையங்கள் அங்கே ஒளிந்திருக்கின்றன என்பது அப்போது தெரியும்.

நீளக் கம்பி

நீண்ட கம்பி ஆன்டெனாவைப் பற்றிய கதைகள் கேட்க நன்றாக இருக்கும். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரை வயலில் கூடாரமடித்து, 400 மீட்டர் போல நீண்ட, பெவரேஜ் எனப்படும் வகை ஆன்டெனாக் கம்பியை இழுத்துக் கட்டி, அட்லாண்டிக்கின் மறுகரை அமெச்சூர்களின் மோர்ஸ் சிக்னலைப் பிடித்தார். அவர்கள் பயன்படுத்திய 230 மீட்டர் அலை இன்றைய கணக்கில் சுமார் 1300 கிலோஹெர்ட்ஸ், அதாவது நம் மத்திய அலையேதான். இன்றும் லாப்லாந்தின் காடுகளில் பின்லாந்துக்காரர்கள் இதே முறையில் உலகைக் கேட்கிறார்கள். ஆனால் இதற்குக் குறைந்தது ஓர் அலைநீளம் இடம் வேண்டும். 1000 கிலோஹெர்ட்ஸுக்கு அது 300 மீட்டர். அறுவடை முடிந்த சொந்த வயல் இருப்பவர் முயலலாம். மாடியில் இருபது மீட்டர் கம்பி கட்டினால் நெரிசலும் இரைச்சலும் சேர்ந்தே கூடும், திருப்பவும் முடியாது. நகரவாசி இதை விட்டுவிடலாம்.

எஸ்டிஆர்

கணினியோடு இணைக்கும் எஸ்டிஆருக்கு இரண்டு பெரிய வரங்கள் உண்டு. மொத்த மத்திய அலையையும் திரையில் படமாகப் பார்க்கலாம், பதிவும் செய்யலாம். நிலையங்கள் பெயர் சொல்வது பெரும்பாலும் மணி அடிக்கும் நேரத்தில்தான். கையடக்க ரேடியோவில் அந்த நிமிடத்தில் ஓர் அலைவரிசையைத்தான் கேட்க முடியும். எஸ்டிஆரில் 120-ஐயும் பதிவுசெய்துவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்கலாம். ஆகாசவாணியின் டிஆர்எம் டிஜிட்டல் ஒலிபரப்பு சாதாரண ரேடியோவில் வெறும் இரைச்சலாகக் கேட்கும். திரையில் தட்டையான பட்டையாகத் தெரிவதால் அதை வீட்டு இரைச்சல் என்று எண்ணித் தேடி அலைய வேண்டியதில்லை.

எந்த எஸ்டிஆர் என்பதில் கவனம் தேவை. விலை குறைந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர் 8 பிட் கருவி. 100, 200 கிலோவாட் நிலையம் உள்ள ஊரில் உள்ளூர் சிக்னலிலேயே அது திணறிவிடும். இல்லாத இடங்களிலெல்லாம் அந்த நிலையத்தின் பூத நிழல்கள் முளைக்கும். மத்திய அலைக்காகவே வாங்குவதென்றால் இதை நான் சொல்ல மாட்டேன். ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி அபாரமான கருவி. ஆனால் ஒரே நேரத்தில் 660 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் காட்டும். மொத்த அலையையும் பதிய முடியாது. எஸ்டிஆர்பிளே ஆர்எஸ்பி1ஏ 14 பிட், மொத்தத்தையும் ஒரே வீச்சில் பதியும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள்.

இதோடு ஆன்டெனா தனியாக வாங்க வேண்டும், அது நல்லதாகவும் இருக்க வேண்டும். கணினியும் அதன் சார்ஜரும் இரைச்சலின் ஊற்றுகள். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, ஆன்டெனாவை மாடிக்குக் கொண்டுபோகாவிட்டால் எஸ்டிஆர் அந்த இரைச்சலை அழகாகப் படம் பிடித்துக் காட்டும், அவ்வளவுதான். எம்எல்ஏ-30 பிளஸ் போன்ற, பெருக்கியோடு வரும் மலிவான வளைய ஆன்டெனா (ஆக்டிவ் லூப்) தொடக்கத்துக்குப் போதும். காதால் இசைவாகத் திருகிப் பழகியவருக்கு இரண்டாவது கருவியாக எஸ்டிஆர் மிக நல்லது. முதல் கருவியாக வாங்கியவர்கள் பலர் இரைச்சலை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் இதைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர், உலகம் முழுக்க உள்ள கிவி எஸ்டிஆர்கள் ஆகியவற்றை இணையம் வழியே இலவசமாகக் கேட்கலாம். மங்கலாகக் கேட்டது இன்ன நிலையம்தானா என்று உறுதி செய்ய, அந்த நிலையத்தின் அருகே உள்ள கருவியில் அதே நிமிடம் அதே நிகழ்ச்சி ஓடுகிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் அதை உங்கள் பிடிப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் கேட்டதை நிலையம் உறுதி செய்து அனுப்பும் க்யூஎஸ்எல் அட்டை கேட்டு எழுதும் அறிக்கையில் உங்கள் ஊரில், உங்கள் ஆன்டெனாவில் கேட்டது மட்டுமே இருக்க வேண்டும்.

யாருக்கு எது

அடுக்குமாடியில் இருப்பவர், மெயின் சோதனையில் வெளி இரைச்சல் என்று தெரிந்தவர்: டி-808 மாதிரி ஒன்று வாங்கி மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ எடுத்துப் போங்கள். எஸ்டிஆர் பக்கம் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். தனி வீடு, அமைதியான தெரு, கொஞ்சம் கைவேலை தெரியும் என்றால் பிஎல்-330-உம் மரச் சட்டமும் சேர்ந்த ஜோடிக்கு நிகர் கிடையாது. மாணவர், கையில் காசில்லை, வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் உண்டு: வயருக்கு மட்டும் செலவழித்துச் சட்டத்தைச் செய்து அதன் பக்கத்தில் வையுங்கள், சட்டத்தின் கூர்மை பழைய ரேடியோவின் அகன்ற வடிகட்டியைப் பாதி ஈடுகட்டிவிடும். இரவில் விழித்திருக்க முடியாத வேலை என்றால் மட்டும் ஆர்எஸ்பி1ஏ-வை முதல் கருவியாக ஏற்றுக்கொள்கிறேன். அது உங்களுக்குப் பதிலாக விழித்திருக்கும்.

எதை வாங்கினாலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஆரம்பியுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை இடியின் வெடிப்பொலி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் வந்து காதைப் பிளக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அது குறைவு. டிஜிட்டல் ரேடியோ வந்து சேர்ந்ததும் மத்திய அலைப் படி 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவுக்கான 10-இல் அது இருந்தால் தானியங்கித் தேடல் 720, 990 மாதிரி இடங்களில் மட்டும் நின்று, மற்ற எல்லாவற்றையும் தாண்டி ஓடிவிடும்.